தாம்பரம் வெயிலில் கிம்ச்சி

முதல் பானை இரண்டாம் நாள் காலையிலேயே போய்விட்டது.

வாய்த்துணியை அவிழ்த்ததும் புளிப்பு வாடை முகத்தில் அடித்தது. அதற்காக நான் பயப்படவில்லை. கிம்ச்சி என்பது உப்பில் ஊறிய காய் தானாகப் புளித்து உண்டாகும் பண்டம். புளிக்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஒரு முட்டைக்கோஸ் துண்டை எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தினேன். வெந்த பூசணிக்காய் மாதிரி நசுங்கி விரலிடுக்கில் வழிந்தது. கடித்தால் பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி நறுக்கென்று சத்தம் வர வேண்டிய இலை அது.

"இன்னும் எதுக்கு அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க? ஜெபம் பண்ணினா எழும்பி வந்துடுமா?" என்றாள் என் மனைவி ரத்தினபாய். அவள் ஆரம்பப்பள்ளி ஆசிரியை. கெட்டுப்போன வீட்டுப்பாடத்தைப் பார்க்கிற அதே பார்வையோடு பானையைப் பார்த்தாள்.

எனக்குப் புரியாதது இதுதான். பதினொரு வருடங்களாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இதே பானையில், இதே அளவில், இதே கையால் கிம்ச்சி போட்டிருக்கிறேன். ஐந்தாம் நாள் திறப்பேன். ஏழாம் நாள் வரை நறுக்கென்று இருக்கும். டிசம்பரில் சரியாக வருவது மே மாதத்தில் ஏன் கூழாகிறது? வெயில்தான் காரணம் என்று நீங்கள் உடனே சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் இந்தத் தடவை பானையைக் கொல்லையில் இரண்டடி ஆழத்தில் புதைத்து வைத்தேன். கொரியாவில் அப்படித்தான் வைக்கிறார்கள். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். குளிர்ந்த மண்ணுக்குள் புதைத்த பிறகும் ஏன் கூழாக வேண்டும்?

இது வெறும் ஆர்வக் கேள்வியாக இருந்திருந்தால் டிசம்பர் வரை பொறுத்திருப்பேன். ஆனால் ஜூன் இருபதாம் தேதிக்குள் எனக்கு விடை வேண்டியிருந்தது. காரணம் சொய்.

அது 1969. நான் தாம்பரத்தில் ஒரு காசநோய் மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் இருந்தேன். சொய் ஒரு கொரியக் கப்பல்காரன், இன்ஜினுக்கு எண்ணெய் விடுகிற வேலை. பிப்ரவரியில் அவன் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்தபோது இருமலில் ரத்தம் வந்தது. கம்பெனிக்காரர்கள் அவனை எங்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மூன்று மாதமாக அவன் நெஞ்சுப் படங்களை நான்தான் எடுத்தேன். மருந்து நன்றாக வேலை செய்தது. படத்துக்குப் படம் நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. எடை மட்டும் ஏறவே இல்லை. பால், முட்டை, ரொட்டி, சாம்பார் சாதம் எது வைத்தாலும் நாலு வாய். அதற்கு மேல் தட்டை ஒதுக்கிவிடுவான். அப்படி ஒதுக்கும்போது மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையைக் குனிவான். அதைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருக்கும்.

"படம் நல்லா இருக்கு, ஆள்தான் நல்லா இல்லை" என்றார் டாக்டர். "ஜூன் இருபது அவங்க கம்பெனிக் கப்பல் மெட்ராஸ் வருது. நாற்பத்தேழு கிலோ இருந்தா பயணத்துக்குக் கையெழுத்துப் போடுவேன். இப்ப நாற்பத்து நாலு. இல்லேன்னா அடுத்த கப்பல் நவம்பர்ல."

சொய் கப்பல் ஏறிய பிறகு ஊரில் அவனுக்கு ஒரு மகள் பிறந்திருந்தாள். அவளுக்கு அப்போது நடக்கத் தெரியும் என்று கடிதம் வந்திருந்தது. நவம்பர் என்று கேட்டதும் அவன் விரல் விட்டு மாதங்களை எண்ணினான்.

நான் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"அவருக்கு நான் சமைக்கிறேன் சார். தமிழ்நாட்டிலேயே கொரியச் சாப்பாடு சமைக்கத் தெரிஞ்ச ஆள் நான் ஒருத்தன்தான்."

"ஒருத்தன்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும், ஜெபராஜ்?"

"இன்னொருத்தர் இருந்தா இத்தனை வருஷம் பெருமையடிக்காம இருந்திருப்பாரா சார்?"

டாக்டர் சிரித்தார். "சரி, எதைச் சாப்பிட்டாலும் எனக்குச் சம்மதம். சாப்பிட வச்சிடுங்க."

எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொரியாவில் சண்டை நின்றதும், எந்த நாட்டுக்குத் திரும்புவது என்று முடிவாகாத கைதிகளைக் காப்பதற்காக இந்தியாவிலிருந்து ஒரு படை போனது. நான் அதில் மருத்துவ உதவியாள். 1953 செப்டம்பரில் போய், அடுத்த பிப்ரவரியில் திரும்பினேன். கைதிகள் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே சமைத்துக்கொண்டார்கள். நான் கட்டுப்போடப் போகிற கூடாரத்துக்குப் பக்கத்தில்தான் அவர்களுடைய அடுப்பு. பாக் என்று ஒரு சமையல்காரன். அவனுக்கு இடது காதில் பாதிதான் இருந்தது. காதுக்கு நான் மருந்து போடுவேன், அவன் எனக்கு ஒரு கிண்ணம் சூப் கொடுப்பான். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது. ஏன் இலையை முதலில் உப்பில் வாட்டுகிறாய், ஏன் பூண்டு கடைசியில், ஏன் கஞ்சி சேர்க்கிறாய் என்று கையாலும் படத்தாலும் கேட்டுக் கேட்டு அவன் உயிரை எடுத்தேன். திரும்பி வரும்போது என் நோட்டுப் புத்தகத்தில் பதினாறு பக்கம் சேர்ந்திருந்தது.

கல்யாணமான முதல் வருடமே ரத்தினபாய்க்குச் சமைத்துக் காட்டினேன். நம் சாமான்களிலேயே பாதி கிடைத்துவிடும். நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, வெறும் சட்டியில் வறுத்துக் கொதிக்கவிட்டால் கொரிய சூப்புக்கு அடிப்படை நீர் தயார். அதில் முள்ளங்கியை வில்லையாக நறுக்கிப் போட வேண்டும். பாசிப்பயறு முளையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் காட்டிப் பிழிந்து, பூண்டும் நல்லெண்ணெயும் பிசைந்தால் ஒரு தொடுகறி. வெங்காயத்தாளை முழுசாகக் கல்லில் பரப்பி, மேலே கரைத்த மாவை ஊற்றினால் அடை. ஞாயிறு ஆராதனை முடிந்து எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு இன்னொரு அடை கேட்பார்கள். வார்டு சிஸ்டர் அமலராணி கூட அந்த அடைக்காக இரண்டு தடவை வந்திருக்கிறார்.

ஆகவே மே முதல் வாரத்தில் சூப்பும் முளையும் அடையும் தூக்குவாளியில் வார்டுக்குப் போயின. சொய் அடையைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான். சாப்பிட்டான், வழக்கத்தைவிடக் கூடவே. ஆனால் சோறு அப்படியே இருந்தது. தூக்குவாளியின் அடித்தட்டு வரை எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டான்: "கிம்ச்சி?"

அவனுக்குச் சோறு என்றால் கிம்ச்சியும் சேர்ந்ததுதான். குழம்பும் ரசமும் மோரும் இல்லாமல் வெறும் சோற்றை உங்கள் முன்னால் வைத்தால் எத்தனை வாய் இறங்கும்? நான்கு வாய் இறங்கும். அவனும் மூன்று மாதமாக நான்கு வாய்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

எப்படிப் போட வேண்டும் என்று அவனிடமே கேட்டேன். அவனுடைய கப்பல் ஆங்கிலத்தில் பதில் வந்தது: "அம்மா போடுவாள். மனைவி போடுவாள். நான் தின்பேன்."

சரி, பதினாறு பக்கம் இருக்கிறதே என்று நான் போட்ட பானைதான் அந்த முதல் பானை.

ஒரு இயந்திரம் ஓடாவிட்டால் ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். நான் முதலில் உப்பைச் சந்தேகப்பட்டேன். அந்த முறை அவசரத்தில் தூள் உப்பு போட்டிருந்தேன். தூள் உப்பு ஒரே அடியாக இலைக்குள் பாயும். கல் உப்பு மெல்ல மெல்லக் கரைந்து தண்ணீரை வெளியே இழுக்கும், இலை வதங்கினாலும் நார் கெடாது. கடலுப்பில் உப்போடு இருக்கிற வேறு சத்துகள் இலையைக் கெட்டிப்படுத்தவும் செய்யும். எனவே சனிக்கிழமை காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போனேன். உப்பளத்தில் வெள்ளைக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. வரப்பில் நின்ற பெண், புது உப்பு வேண்டாம், கசக்கும், போன வருட உப்பை வாங்கு என்று ஒரு பழைய குவியலைக் காட்டினாள். பாக்கும் இதையேதான் சொன்னான்: உப்பு மூட்டையைக் கல்மேல் நிறுத்திவை, கசப்பு நீர் ஒழுகிப் போகட்டும் என்று. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கிற இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னதில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு, திரும்பி வருகிற வழியெல்லாம் எதிர்க்காற்று அடித்தும் கால் வலிக்கவில்லை. திரும்புவதற்கு முன்பே கோவளம் வரை மிதித்து, மீனவர் வீட்டு வாசலில் காய்ந்துகொண்டிருந்த பொடி இறால் ஒரு படியும் வாங்கியிருந்தேன்.

இரண்டாவது பானை. பழைய கல் உப்பு, கோவளத்து இறால், கடினமான முட்டைக்கோஸ். இந்தத் தடவை மூன்றரை அடி ஆழம். நான் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது கீரைக்கூடையோடு அஞ்சம்மாள் வந்தாள். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தினமும் வருகிறவள்.

"இன்னா சார், காலங்காத்தால குயி தோண்டிக்கினு கீறே? யாரப் பொதைக்கப் போறே?"

"முட்டைக்கோஸ்."

"முட்டகோசா? இன்னா, மொளைக்குமா?"

"மொளைக்காது. உள்ள குளிர்ச்சியா இருக்கும், கெடாது."

கூடையை இறக்கிவிட்டு, குழிக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இதுவா குளுமை? இந்த மண்ணுல கோயி அடை வெக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு ரத்தினபாயைப் பார்த்துக் கண்ணடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அவள் சொன்னதில் இருந்த உண்மையை நான் அப்போதே பிடித்திருக்க வேண்டும். பதினாறு பக்க நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறவன் கீரைக்காரி சொல்வதைக் கேட்பானா? கேட்கவில்லை.

இரண்டாவது பானை அரை நாள் கூடுதலாகத் தாங்கியது. பிறகு அதுவும் கூழ்.

மூன்றாவதை, அசட்டுத் தைரியத்தில், ஒரு பாட்டிலில் அடைத்து வார்டு பிரிட்ஜில் ஒரு மூலையில் வைத்தேன். மறுநாள் காலை எக்ஸ்ரே அறை வாசலில் சிஸ்டர் அமலராணி நின்றிருந்தார். கையை நீட்டி, பாட்டிலை உடம்பில் படாமல் பிடித்திருந்தார்.

"ஜெபராஜ், இது என்ன? பிரிட்ஜைத் திறந்தா மீன் மார்க்கெட் மாதிரி அடிக்குது. உள்ள ஊசி மருந்து இருக்கு."

"சொய்க்கு, சிஸ்டர்."

"சொய்க்கா இருந்தாலும் சரி, போப்பாண்டவருக்கா இருந்தாலும் சரி. மருந்துப் பெட்டியில சாப்பாடு வைக்கக் கூடாது. பிடிங்க."

அவர் சொன்னது நியாயம். பாட்டிலை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டுபோன மறுநாளே அதுவும் கூழ்.

திங்கட்கிழமைதோறும் எடை பார்ப்பார்கள். மே பன்னிரண்டு: நாற்பத்து மூன்றே முக்கால். மே பத்தொன்பது: நாற்பத்து மூன்றரை. எடை மேடையிலிருந்து இறங்கிய சொய் முள்ளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். "பரவாயில்லை" என்றான். நான் கற்றுக்கொடுத்த தமிழ் வார்த்தைகளில் ஒன்று. அன்று அதைக் கற்றுக்கொடுத்திருக்கவே வேண்டாம் என்று தோன்றியது. என் வாய்ப்பேச்சை நம்பி அவன் நவம்பரை எண்ணுவதை நிறுத்தியிருந்தான். இருபதாம் தேதிக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

அன்று மாலை ரத்தினபாய், கோடை விடுமுறைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த நோட்டுகளைத் திருத்திக்கொண்டே கேட்டாள்.

"அந்த ஊர்ல வெயில் காலம் வருமா, வராதா?"

"வரும். நல்ல வெயில் அடிக்கும்னு சொல்லுவாங்க."

"சொல்லுவாங்களா? நீங்க பார்க்கலையா?"

"நான் செப்டம்பர்ல போய் பிப்ரவரியில வந்துட்டேனே."

சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தாள். "அப்ப நீங்க பார்த்தது அரை வருஷம். மிச்ச அரை வருஷம் அவங்க என்ன தின்னாங்க? பட்டினியா கிடந்தாங்க?"

அவள் கேலிக்காகக் கேட்டதுதான். ஆனால் நான் எழுந்து போய் நோட்டை எடுத்துப் புரட்டினேன். பதினாறு பக்கத்திலும் ஒரு பக்கம்கூட கோடையைப் பற்றி இல்லை. பதினைந்து வருடமாக அந்த நோட்டை முழுப் புத்தகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதிப் புத்தகம்.

மறுநாள் இருட்டறையில் இருக்கும் கண்ணாடித் தெர்மாமீட்டரைக் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துவந்தேன். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அது தொண்ணூற்றைந்து டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே காட்டாது. ஒவ்வொரு இடத்திலும் கால் மணி நேரம் வைத்துப் பார்த்தேன். மதியம் அறைக்குள் தொண்ணூற்று மூன்று. பானை இருந்த குழிக்குள், மூன்றரை அடியில், எண்பத்தெட்டு. கிணற்று நீர் எண்பத்திரண்டு. சமையல்கட்டு மூலையில் ஈரமணலில் உட்கார்ந்திருக்கும் குடிதண்ணீர்ப் பானைக்குள் எண்பது.

எண்பத்தெட்டு! அஞ்சம்மாள் சொன்னது சரி. பிறகு கொரியாவில் ஏன் புதைத்தார்கள்? யோசித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. நான் பார்த்த ஜனவரியில் அங்கே வெளியில் வைத்த வாளித் தண்ணீர் அடி வரை கல்லாக உறைந்துவிடும். கிம்ச்சியை வெளியில் வைத்தால் அதுவும் உறைந்து பானை வெடிக்கும். மண்ணுக்கடியில் அந்த அளவு குளிர் இறங்காது. உறையாமல் இருக்கத்தான் புதைத்தார்கள். மண் அவர்களுக்குக் கம்பளி. அந்தக் கம்பளியை நான் மே மாதத்தில் தாம்பரத்தில் பானைக்குப் போர்த்திக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை சொய்யின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை எப்படிப் போடுவது என்று கேட்கவில்லை. "வெயில் காலத்தில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். "சின்ன முள்ளங்கி. இலையோடு. தண்ணீர் நிறைய." விரலால் கயிறு இறக்குவதுபோலக் காட்டினான். "அம்மா கிணற்றில் தொங்கவிடுவாள். இன்றைக்குப் போட்டால் நாளைக்குத் தின்போம்."

"நாளை மறுநாள்?"

"நாளை மறுநாள் பன்றிக்கு. அம்மா வேறு போடுவாள்."

அதே நாள் மத்தியானம் அவனுடைய புதுப் படத்தை இருட்டறையில் கழுவிக்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்குக்கு மேலே சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். எக்ஸ்ரே பிலிமைக் கழுவுகிறவர்களுக்கு அது வேதவாக்கு. மருந்துத் தண்ணீர் அறுபத்தெட்டு டிகிரி என்றால் பிலிம் ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். சூடு ஏற ஏற நேரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். எண்பத்தைந்தைத் தாண்டினால் பிலிம் மேலிருக்கும் பூச்சு இளகிக் கழன்றுவிடும். மெட்ராஸில் வேலை பார்க்கிற ஒவ்வொரு எக்ஸ்ரேக்காரனுக்கும் இது தெரியும். சூட்டோடு நாம் சண்டை போட முடியாது. கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

பூச்சு இளகுவதும் முட்டைக்கோஸ் கூழாவதும் ஒரே கதைதான். காய்க்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. பாலைத் தயிராக்குகிற மாதிரியான நுண்ணுயிர்கள் காயைப் புளிக்கவைக்கின்றன. அது நமக்கு வேண்டும். காய்க்குள்ளேயே இருக்கிற வேறு சத்து அதன் நாரைக் கரைக்கிறது, அது வேண்டாம். குளிரில் இரண்டும் மெல்ல நடக்கும், மாதக்கணக்கில் வைக்கலாம். சூட்டில் இரண்டும் ஓடும். ஆனால் முதல் வேலை முன்னால் ஓடுகிறது. அது முடிந்து, இரண்டாவது தொடங்குவதற்குள் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளி எத்தனை மணி நேரம் என்று தெரிந்தால் போதும்.

வியாழக்கிழமை காலை அஞ்சம்மாளை வாசலிலேயே மறித்தேன்.

"முள்ளங்கி வேணும். பிஞ்சா, சுண்டுவிரல் தடிமன். இலையோட."

"எல்லாரும் தயைய கிள்ளிப் போட்டுட்டு முள்ளங்கி வாங்குவாங்கோ. உனக்குத் தயையும் வேணுமா? மாட்டுக்கா சார்?"

"மனுஷனுக்கு."

"அந்த சீமக்காரனுக்கா? பாவம், வந்த எடத்துல இன்னா பாவம் பண்ணிச்சோ அது" என்றாள். ஆனால் மத்தியானமே கொல்லையிலிருந்து பிடுங்கி, மண்ணோடு இரண்டு கட்டு கொண்டுவந்து போட்டாள். ஈரத்துணியில் வேறு சுற்றியிருந்தாள்.

இலையைக் கசக்காமல் அலச வேண்டும்; பிஞ்சிலையைக் கசக்கினால் பச்சை வாடை வரும். கேளம்பாக்கத்துக் கல் உப்பைத் தூவி ஒரு மணி நேரம் வாட்டினேன். அரிசி மாவில் தண்ணீர்க் கஞ்சி காய்ச்சி ஆறவைத்தேன். நுண்ணுயிர்களுக்கு அதுதான் தீனி. பூண்டு, இஞ்சி, விதை நீக்கி அரைத்த சிவப்பு மிளகாய், ஒரு சிட்டிகை இறால் பொடி. எல்லாவற்றையும் மண்பானையில் போட்டு, காய் முழுகக் கொதித்தாறிய உப்புத் தண்ணீரும் கஞ்சியும் ஊற்றி, மூடி, குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஈரமணலில் அழுத்தி வைத்தேன். சரியாக மாலை ஆறு மணி.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். காலை ஆறிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கரண்டியில் எடுத்துக் குடித்துப் பார்த்து எழுதிவைத்தேன். பன்னிரண்டு மணி நேரம்: பச்சை. பதினாறு: லேசான புளிப்பு. பதினெட்டு: நாக்கில் சுருக்கென்று ஏறியது, தண்டு நறுக்கென்றது. இருபத்திரண்டு: புளிப்பு கூடிவிட்டது. இருபத்தாறு: நுரை, இலை தொய்வு. பதினெட்டாம் மணியில் ரத்தினபாய்க்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரப் போனவள், நின்றபடியே குடித்தாள்.

"இன்னும் இருக்கா?" என்றாள்.

பதினொரு வருடத்தில் என் சமையலுக்கு அவள் கொடுத்த மிகப் பெரிய பட்டம் அது.

அடுத்த பானை அன்று மாலை ஆறுக்கு. சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அது வார்டில் இருந்தது. சொய் மூடியைத் திறந்து முகர்ந்தான். தண்ணீரை முதலில் குடித்தான். அப்புறம் கிண்ணத்துத் தண்ணீரை அப்படியே சோற்றில் ஊற்றி, தண்டைக் கடித்து, சோற்றை அள்ளினான். நறுக், நறுக் என்ற சத்தம் அடுத்த கட்டில்காரருக்குக் கேட்டு அவர் திரும்பிப் பார்த்தார். தட்டு காலி. சிஸ்டர் அமலராணி வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிற சாக்கில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொய் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "உப்பு கொஞ்சம் குறைவு. பூண்டும் போதாது."

மூன்று மாதமாக எதைக் கொடுத்தாலும் தலை குனிந்து நன்றி சொன்னவன் முதல் தடவையாகக் குறை சொன்னான்! தன் வீட்டுச் சாப்பாட்டைத்தான் ஒருவன் அப்படிக் குறை சொல்வான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "கேட்டீங்களா சிஸ்டர், பூண்டு போதாதாம்!" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. நாளைக்குப் பூண்டு கூடப் போடுங்க. ஆனா பிரிட்ஜ் பக்கம் வந்துடாதீங்க."

மே இருபத்தாறு: நாற்பத்து நான்குக்கு நூறு கிராம் குறைவு. ஜூன் இரண்டு: கிட்டத்தட்ட நாற்பத்தைந்து. ஜூன் ஒன்பது: நாற்பத்தாறு. ஜூன் பதினாறாம் தேதி சொய் சட்டைப்பையிலிருந்த சீப்பைக்கூட வெளியே எடுத்து வைத்துவிட்டு மேடையில் ஏறினான். முள் நாற்பத்தேழைத் தாண்டி நூறு கிராம் தள்ளி நின்றது. டாக்டர் அங்கேயே மேசையில் காகிதத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டார். சொய் அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

டாக்டர் பேனாவை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். "மூணு பானை கெட்டுப் போச்சுன்னு சிஸ்டர் சொன்னாங்க. நாலாவதுல என்ன பண்ணீங்க? பெருமையடிக்கிறதை அப்புறம் வச்சுக்கலாம், விஷயத்தைச் சொல்லுங்க."

சொன்னேன்.

"தாம்பரத்துல வெயில் காலத்துல கிம்ச்சியைச் சேமிச்சு வைக்கக் கூடாது சார். மண்ணுக்குள்ள புதைக்கவும் கூடாது. முட்டைக்கோஸை விட்டுட்டு இலையோட பிஞ்சு முள்ளங்கி எடுத்து, பழைய கல் உப்புல ஒரு மணி நேரம் வாட்டி, அரிசிக் கஞ்சித் தண்ணியில முழுக வச்சு, பானையை ஈரமணல்ல எண்பது டிகிரியில நிறுத்தணும். சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டா மறுநாள் பன்னெண்டு மணிக்குச் சாப்பிட்டுடணும். அன்னிக்கு ஆறு மணிக்கு மறுபடி புதுசாப் போடணும்."